வயர்டு பர்க்ளர் அலாரத்தில் சென்சார் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

கீபேடில் ஒரு ஸோன் (ஒரே வயர் சுற்றில் இருக்கும் கதவு, ஜன்னல் அல்லது அறை) மட்டும் மூடாமல் அடம்பிடிக்கிறது. அல்லது வீட்டில் ஒருவரும் அசையாத நள்ளிரவில் சைரன் அலறுகிறது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "சென்சார் போச்சு, புதுசு வாங்கி மாட்டிடலாம்" என்பதுதான். மாட்டவும் செய்கிறார்கள். சிலருக்கு அதோடு தொல்லை ஒழிந்துவிடும். சிலருக்குப் புது சென்சார் வந்த பிறகும் பழைய கதையே தொடரும். கோளாறு தளர்ந்த திருகிலோ, கதவோடு சேர்ந்து இறங்கிப்போன காந்தத்திலோ, சுவருக்குள் நசுங்கிய வயரிலோ இருந்திருக்கும். பாவம், சென்சார் வீணாகப் பழி சுமந்திருக்கும்.

அதனால் இங்கே ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் மல்டிமீட்டர் வருகிறது. மாற்றும் வேலை சுலபமானது. எதை மாற்ற வேண்டும் என்று உறுதிசெய்வதில்தான் நேரம் போகும், போகவும் வேண்டும்.

பேனலுக்கு என்ன தெரியும்?

வயர்டு அலாரத்தின் பேனலுக்கு, அதாவது எல்லா வயர்களும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு, கதவும் தெரியாது, ஆளும் தெரியாது. ஒவ்வொரு ஸோனின் இரண்டு டெர்மினல்களுக்கும் இடையில் எவ்வளவு மின்தடை இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். பேனலிலிருந்து கிளம்பும் ஒரு வயர் கதவு வரை போய், சென்சாருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் வழியாக இன்னொரு வயரில் திரும்பி வருகிறது. இந்தச் சுற்றைத்தான் லூப் என்கிறார்கள். கதவு மூடியிருக்கும்போது சுவிட்சும் மூடியிருக்கும். கதவைத் திறந்தால் சுற்று அறுபடும், பேனல் அலாரம் அடிக்கும். இது என்.சி, அதாவது சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகை. இதற்கு எதிரானது என்.ஓ: சாதாரணமாகத் திறந்திருந்து, ஆள் வந்தால் மூடிக்கொள்ளும். மிதித்தால் வேலை செய்யும் பாய், நான்கு வயர் புகை உணரி போன்றவற்றில் இதைப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் அகஸ்டஸ் ரசல் போப் 1853-இல் காப்புரிமை பெற்ற மின்காந்த அலாரம் என்.ஓ வகைதான். கதவைத் திறந்தால் சுற்று மூடி மணி அடிக்கும். வயரை யாராவது வெட்டிவிட்டால் மணி மௌனமாகிவிடும், அது வெட்டப்பட்டதும் யாருக்கும் தெரியாது. இன்று வீட்டுக் கதவு, ஜன்னல்களில் என்.சி வகையே பரவலாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: வயர் அறுந்தாலும் பேனல் கத்தும்.

ஆனால் என்.சி-யிலும் ஓர் ஓட்டை உண்டு. போகிற வயரையும் வருகிற வயரையும் நடுவழியில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், கதவை எத்தனை முறை திறந்தாலும் பேனலுக்குச் சுற்று மூடியே தெரியும். இதை அடைக்கத்தான் லூப்பின் கடைசியில் ஒரு ரெசிஸ்டரை, அதாவது குறிப்பிட்ட அளவு மின்தடை தரும் சின்ன உதிரியை, போடுகிறார்கள். எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர், சுருக்கமாக ஈ.ஓ.எல். இப்போது பேனல் எதிர்பார்ப்பது ஒரு குறிப்பிட்ட ஓம் அளவு. அது வந்தால் எல்லாம் சரி. முடிவிலி என்றால் அலாரம். சுழியம் என்றால் யாரோ வயரோடு விளையாடியிருக்கிறார்கள்.

இந்த ஓம் அளவு பேனலுக்குப் பேனல் மாறும். டி.எஸ்.சி பேனல்களில் வழக்கமாக 5.6 கிலோ ஓம், ஹனிவெல் விஸ்டா வரிசையில் 2 கிலோ ஓம், பாரடாக்ஸில் 1 கிலோ ஓம். இரட்டை ரெசிஸ்டர் முறையும் உண்டு. அலாரம் சுவிட்சின் குறுக்கே ஒன்று, லூப்போடு தொடராக இன்னொன்று. இரண்டும் 5.6 கிலோ ஓம் என்றால் சாதாரண நிலையில் 5.6, அலாரம் நிலையில் 11.2, சென்சார் மூடியைத் திறந்தால் முடிவிலி என்று ஒரே ஜோடி வயரில் மூன்று நிலைகளைப் பேனல் பிரித்துப் பார்க்கும். டெக்ஸ்காம் பேனல்களில் 2.2, 4.7 கிலோ ஓம் ஜோடி அதிகம் புழங்கும்.

ஈ.ஓ.எல் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடம் சென்சாருக்குள், லூப்பின் கடைக்கோடியில். ஆனால் பல வீடுகளில் பேனல் பெட்டியைத் திறந்தால் எல்லா ரெசிஸ்டர்களும் அங்கேயே டெர்மினலில் வரிசையாகத் தொங்கும். பொருத்தியவருக்கு வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், அவ்வளவுதான். பெட்டிக்குள் ரெசிஸ்டர் இருந்தால் வெளியே வயரை இணைத்துவிட்டாலும் பேனலுக்குத் தெரியாது. ரெசிஸ்டரே இல்லாததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சென்சார் மாற்றும் சாக்கில் அதைச் சென்சார் பக்கம் கொண்டுபோய்விடுங்கள். அதனால் வேலை ஒன்றும் கூடிவிடாது.

கை வைப்பதற்கு முன்

அலாரம் கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைந்திருந்தால், முதலில் அவர்களை அழைத்து டெஸ்ட் மோடில் போடச் சொல்லுங்கள். மறந்தால் நீங்கள் ஏணி மேல் நிற்கும்போது வாசலில் போலீஸ் நிற்கும். அடுத்து எஞ்சினியர் கோட், அதாவது பொருத்தியவர் பேனலில் வைத்திருக்கும் ரகசிய எண். சென்சார் மூடியைத் திறந்தாலே, யாரோ கை வைக்கிறார்கள் என்று டேம்பர் அலாரம் அடிக்கும்; எஞ்சினியர் மோடுக்குள் போனால்தான் அது அடங்கும். சாதாரணப் பயனர் கோடால் ஸோனை பைபாஸ் செய்யலாம் (பேனல் அதைக் கண்டுகொள்ளாமல் விடும்), ஆனால் பல பேனல்களில் பைபாஸ் டேம்பரைக் கட்டுப்படுத்தாது. கோட் உங்களிடம் இல்லையென்றால் பொருத்தியவரிடம் கேட்டு வாங்குங்கள். ஊகித்து அடித்துப் பார்த்தால் சில பேனல்கள் பூட்டிக்கொள்ளும்.

பேனல் பெட்டிக்குள் இரண்டு மின் மூலங்கள் இருக்கும்: வீட்டு மின்சாரத்திலிருந்து வரும் டிரான்ஸ்பார்மர், பின்துணைக்கு 12 வோல்ட் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி, பெரும்பாலும் 7 ஆம்பியர்-மணி. மெயின்ஸை நிறுத்தினால் மட்டும் போதாது, பேட்டரியின் ஒரு முனையையும் கழற்ற வேண்டும். கழற்றிய முனையில் டேப் சுற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் வயரே சிவந்து உருகும். டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குள்ளேயே இருந்தால் அதன் ஒரு பக்கம் முழு மெயின்ஸ் மின்சாரம் இருக்கும். சர்க்யூட் பிரேக்கரை அணைத்து, மீட்டரில் பார்த்து உறுதிசெய்த பிறகே அந்தப் பக்கம் கை போகட்டும்.

இன்னொன்று, பலர் மறப்பது: வெளியில் இருக்கும் சைரன் பெட்டிக்குள் தனி பேட்டரி இருக்கலாம். பேனலிலிருந்து வரும் மின்சாரம் நின்றால், யாரோ வயரை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து அது தானாக அலறத் தொடங்கும். உங்கள் சைரன் அந்த வகையா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அதை அடக்கிவைக்கும் வழி பேனல் கையேட்டில் இருக்கும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. மல்டிமீட்டர், சின்னத் தட்டை முனை ஸ்க்ரூடிரைவர், வயர் ஸ்ட்ரிப்பர், ஜெல் நிரப்பிய கிரிம்ப் கனெக்டர்கள், டேப், ஒரு துண்டுக் காந்தம், நல்ல ஏணி. செல்போன் கேமராவும் ஒரு கருவிதான்: எந்த வயரைத் தொடுவதற்கு முன்னும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

சென்சாரா, வயரா?

பேனல் பெட்டியைத் திறந்து, கோளாறான ஸோனின் இரண்டு வயர்களையும் டெர்மினலிலிருந்து கழற்றுங்கள். கழற்றாமல் ஓம் அளந்தால் பேனல் அனுப்பும் மின்னழுத்தம் கலந்து, வரும் எண் பொய்யாக இருக்கும். கழற்றிய இரு வயர்களுக்கும் இடையில் மீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள்.

ரெசிஸ்டர் சென்சார் பக்கம் இருக்கும் கதவு ஸோன் என்றால், கதவு மூடியிருக்கும்போது ரெசிஸ்டரின் மதிப்பும் அதற்கு மேல் கொஞ்சமும் வர வேண்டும். அந்தக் கொஞ்சம், வயரின் சொந்தத் தடை. அலாரம் வயரில் வழக்கமான 0.22 சதுர மி.மீ தாமிரக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 30 மீட்டர் தூரத்துக்குப் போக வர 60 மீட்டர். ஏறக்குறைய 5 ஓம். 5 ஓம் வர வேண்டிய இடத்தில் 80 ஓம் கூடுதலாக வந்து, வயரை ஆட்டும்போது எண் துள்ளினால், எங்கோ ஓர் இணைப்பு களிம்பேறிப் பச்சை பிடித்திருக்கிறது. இந்த நிலையில் புது சென்சார் வாங்கிப் பயனில்லை.

கதவு மூடியும் முடிவிலி வந்தால், சென்சார் பக்கம் போங்கள். காந்தம் இருக்கிறதா, சென்சாருக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கையில் இருக்கும் துண்டுக் காந்தத்தைச் சென்சாரின் மேல் ஒட்டிவையுங்கள். உடனே ஓம் அளவு சரியாக வந்தால் சென்சார் நலம். கதவு இறங்கியிருக்கிறது அல்லது காந்தம் நகர்ந்திருக்கிறது. அப்போதும் வரவில்லையென்றால் சென்சாரின் மூடியைத் திறந்து, சுவிட்சின் இரண்டு திருகுகளையும் ஒரு சின்ன வயர் துண்டால் இணையுங்கள். இப்போது பேனல் பக்கம் அளவு சரியாக வந்தால் சென்சார்தான் போயிருக்கிறது. இப்போதும் முடிவிலியா? வயர் அறுந்திருக்கிறது. இந்த ஒரே சோதனையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பி.ஐ.ஆர் எனப்படும் அசைவு உணரியில் ஏமாந்துபோக ஓர் இடம் இருக்கிறது. அதன் அலாரம் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சென்சாருக்கு மின்சாரம் இருக்கும்போதுதான் மூடியிருக்கும். மின்சாரம் போனால் தானாகத் திறந்துகொள்ளும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேனலை முழுவதும் அணைத்துவிட்டு பி.ஐ.ஆர் ஸோனை அளப்பவருக்கு நல்ல சென்சாரும் கெட்டதாகவே தெரியும். எனவே பி.ஐ.ஆரைச் சோதிக்கும்போது மட்டும் பேனலுக்கு மின்சாரம் கொடுத்தே வைத்திருங்கள், மெயின்ஸ் டெர்மினல் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டு, ஸோன் வயர்களை மட்டும் கழற்றுங்கள். முதலில் சென்சாரின் பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் வோல்ட் அளவைப் பாருங்கள். 12-க்கும் 13.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். பெரும்பாலான பி.ஐ.ஆர்கள் 9 வோல்ட் வரை தாங்கும். ஆனால் மெயின்ஸ் இருக்கும்போதே அந்த எல்லையைத் தொடுகிறது என்றால் வயரிலோ பேனலின் மின்வழங்கலிலோ கோளாறு. வோல்ட் சரி, யாரும் அசையவில்லை, ஒரு நிமிடமும் ஆகிவிட்டது, ஆனாலும் ரிலே மூடவில்லை என்றால் தயங்காமல் மாற்றலாம்.

ஒரே ஸோனில் நான்கைந்து ஜன்னல்கள் தொடராக இணைந்திருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு போகாதீர்கள். நடுவில் இருக்கும் சென்சாருக்குப் போய், பேனலிலிருந்து வரும் ஜோடியை அங்கேயே இணைத்துப் பாருங்கள். சுற்று முழுமையானால் கோளாறு அதற்கு அப்பால், இல்லையென்றால் இப்பால். மீதிப் பாதியின் நடுவில் மறுபடி இதே சோதனை.

இதுவரை பார்த்தது திறந்தே நிற்கும் கோளாறு. இதைவிட மோசமானது மூடியே நிற்பது. கதவுச் சென்சாருக்குள் இருப்பது ரீட் சுவிட்ச். 1936-இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புக்கலவைத் தகடுகள். காந்தம் அருகில் வந்தால் ஒன்றையொன்று தொடும், விலகினால் பிரியும். இடி மின்னலின் அதிர்ச்சி மின்சாரத்தாலோ அளவுக்கு மீறிய மின்னோட்டத்தாலோ அந்தத் தகடுகள் ஒட்டிக்கொண்டால், பேனலில் எல்லாம் பச்சையாகவே தெரியும். கதவு அகலத் திறந்திருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒரு சென்சார் பழுதாகிவிட்டதென்று வேலையில் இறங்கியவர், மற்ற எல்லாக் கதவுகளையும் ஒருமுறை திறந்து கீபேடைப் பார்த்துவிடுவது நல்லது.

எதை வாங்குவது?

பழைய சென்சாரின் அதே மாடல் வேண்டியதில்லை. வயர்டு சென்சார்கள் எல்லாமே கடைசியில் சுவிட்சுகள்தான். எந்த நிறுவனத்தின் சென்சாரும் எந்த நிறுவனத்தின் பேனலோடும் பேசும். பார்க்க வேண்டியவை சில. பழையது என்.சி-யா, என்.ஓ-வா. காந்தச் சென்சார் என்றால் இடைவெளி எவ்வளவு: சாதாரண வகைக்கு 15 முதல் 20 மி.மீ, தள்ளாடும் பழைய கதவுகளுக்கு அகல இடைவெளி வகையே நிம்மதி. இரும்புக் கதவு காந்தப் புலத்தை உறிஞ்சிக்கொள்ளும், அட்டையில் போட்ட இடைவெளி அங்கே ஏறக்குறையப் பாதியாகிவிடும். இரும்புக்கென்றே விற்கும் வகையை வாங்குங்கள், இல்லையென்றால் சென்சாருக்கும் காந்தத்துக்கும் அடியில் பிளாஸ்டிக் பட்டை வைத்து உயர்த்துங்கள்.

பி.ஐ.ஆர் என்றால் டேம்பர் சுவிட்ச் இருக்கிறதா, எவ்வளவு மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். சாதாரண பி.ஐ.ஆர் 10 முதல் 20 மில்லி ஆம்பியர். மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை வகை இன்னும் அதிகம் இழுக்கும். ஒன்றிரண்டு மாற்றினால் பொருட்டில்லை. பத்தையும் மாற்றினால் பேனலின் 12 வோல்ட் வெளியீடு தாங்குமா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் நாய், பூனை இருந்தால் அந்த எடையுள்ள பிராணிகளைக் கண்டுகொள்ளாது என்று குறிப்பிட்ட வகை. ஆனால் சோபா மேல் ஏறி அலமாரிக்குத் தாவும் பூனையின் முன்னால் எந்தப் பி.ஐ.ஆரும் தோற்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பழையதைக் கழற்றுதல்

படம் எடுத்தாயிற்று. இப்போது ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, அது எந்தத் திருகிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். வயர் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்பது வழக்கம்தான். பொருத்தியவர் கையில் அன்று என்ன இருந்ததோ அதுதான் நிஜம்.

திருகிலிருந்து வயரை விடுவிக்கும்போது சென்சாருக்குள் சின்ன உருளைபோல் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். சில நேரம் அது வயரோடு முறுக்கி, டேப்புக்குள் ஒளிந்திருக்கும். சென்சார் மாற்றிய பிறகு ஸோன் வேலை செய்யாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்: பழைய சென்சாரோடு ரெசிஸ்டரும் குப்பைக்குப் போயிருக்கும். எடுத்து மீட்டரில் அளந்து பத்திரப்படுத்துங்கள். நிற வளையங்களைப் பார்த்தும் சொல்லலாம், தங்க வளையத்தைக் கடைசியில் வைத்துப் படிக்க வேண்டும்: பச்சை-நீலம்-சிவப்பு என்றால் 5.6 கிலோ ஓம், பழுப்பு-கறுப்பு-சிவப்பு 1, சிவப்பு-கறுப்பு-சிவப்பு 2, மஞ்சள்-ஊதா-சிவப்பு 4.7. ஒரே ஜோடி வயரில் இரண்டு சென்சார்களை இரண்டு வேறு ரெசிஸ்டர்களால் பிரித்தறியும் பேனல்களும் உண்டு. எதிர்பாராத மதிப்பில் ஒரு ரெசிஸ்டர் வந்தால் தவறென்று நினைத்து மாற்றிவிடாதீர்கள், பேனல் கையேட்டைப் பாருங்கள்.

வயர் நுனிகள் விடுபட்டதும் அதை ஒரு பென்சிலில் இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள், அல்லது கிளிப் போடுங்கள். சுவருக்குள் வழுக்கிக்கொண்டு போன வயரை மீட்பது, இந்த மொத்த வேலையைவிடப் பெரிய வேலை.

கதவு, ஜன்னல் காந்தச் சென்சார்

மேற்பரப்பில் ஒட்டும் வகையில் சிலவற்றுக்கு இரண்டு திருகுகள்தான், குழப்பமே இல்லை. ஐந்து திருகுகள் இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவற்றில் இரண்டு ரீட் சுவிட்சுக்கு, இரண்டு டேம்பர் லூப்புக்கு, ஒன்று வெறும் இணைப்பிடம். எது எதுவென்று அட்டையில் இல்லையென்றால், மீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தால் மட்டும் எந்த ஜோடி பீப் அடிக்கிறதோ அது ரீட். காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பீப் அடிப்பது டேம்பர் ஜோடி. ஸோன் வயர்களை ரீட்டுக்குப் பதில் டேம்பர் ஜோடியில் மாட்டி, ரீட்டை வெறுமனே விட்டால் கதவு திறந்தது பேனலுக்கு எந்நாளும் தெரியாது. கீபேடில் எல்லாம் சரியென்றே காட்டும்.

ரீட் சுவிட்சுக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. வயரில் 5 அல்லது 6 மி.மீ மட்டும் தோலுரித்து, இழைகளை முறுக்கி, நுனியை மடித்துத் திருகுக்குள் செலுத்துங்கள். தோல் திருகுக்கு அடியில் மாட்டக் கூடாது. மாட்டினால் இன்று வேலை செய்யும், வெயில் மழை மாறும்போது விட்டுவிடும். ஈ.ஓ.எல் ரெசிஸ்டர், சுவிட்சின் ஒரு காலோடு தொடராக: வயர் வந்து ரெசிஸ்டரில் சேர, ரெசிஸ்டர் சுவிட்சில் சேர வேண்டும். என்.ஓ சென்சார் என்றால் ரெசிஸ்டர் சுவிட்சின் குறுக்கே, இணையாக. தொடர் லூப்பில் பல சென்சார்கள் இருந்தால் கடைசிச் சென்சாரில் மட்டும்.

சென்சாரைச் சட்டத்திலும் காந்தத்தைக் கதவிலும் வையுங்கள்; அசையும் கதவுக்கு வயர் போகக் கூடாது. திருகிப் பொருத்துவதற்கு முன் இரட்டை டேப்பால் ஒட்டி, கதவை மூடித் திறந்து மீட்டரில் பாருங்கள். கதவை மூடிய நிலையில் கையால் வேகமாகத் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். காற்றடிக்கும் இரவில் கதவு செய்வது அதைத்தான். அப்போது சுற்று விட்டுவிட்டு வந்தால் காந்தத்தை இன்னும் 2, 3 மி.மீ நெருக்குங்கள். ஆனால் எல்லையில் வைக்காதீர்கள்: அனுமதித்த இடைவெளியில் பாதிக்குள் வைத்தால், கதவு பருவத்துக்கேற்ப வீங்கினாலும் இறங்கினாலும் தாங்கும்.

சட்டத்துக்குள் புதைக்கும் வகையில் துளை 9.5 மி.மீ அல்லது 19 மி.மீ விட்டமாக இருக்கும். அளந்துவிட்டு வாங்குங்கள். வெளியே எடுக்கும்போது இழுக்காதீர்கள். பெயின்ட் அதைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும், பின்னால் வயரில் மிச்சமும் இருக்காது. கத்தி முனையால் பெயின்ட் விளிம்பை அறுத்து, இரு பக்கமும் மெல்ல நெம்பி, தலை வெளியே வந்ததும் சென்சாரை ஒட்டியே வயரை வெட்டுங்கள். ஒவ்வொரு மில்லிமீட்டரும் வேண்டும். புது சென்சாரின் வயரை ஜெல் கிரிம்ப் கனெக்டரால் இணையுங்கள், அல்லது ஈயம் வைத்து மேலே சுருங்கும் குழாய் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் பட்டுத் தடை கூடி, ஆறு மாதம் கழித்துக் காரணமில்லாமல் அடிக்கும் அலாரமாகத் திரும்பி வரும்.

பி.ஐ.ஆர்

இதற்குள் இருக்கும் பைரோ எலெக்ட்ரிக் சில்லு, உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரின் மாற்றத்தைப் பார்க்கிறது. முன்னால் இருக்கும் ஃப்ரெனல் லென்ஸ் அறையைக் கதிர்க் கீற்றுகளாகப் பிரிக்கிறது. ஆள் ஒரு கீற்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும்போது சென்சார் விழித்துக்கொள்கிறது. இதிலிருந்தே எங்கே மாட்டுவது என்பது விளங்கும். ஆள் சென்சாரை நோக்கி நேராக வந்தால் கடக்கும் கீற்றுகள் குறைவு, குறுக்கே நடந்தால் அதிகம். அதனால் வாசலுக்கு எதிரே மாட்டாமல் பக்கவாட்டு மூலையில், நுழைபவர் குறுக்கே கடக்கும்படி மாட்டுங்கள். உயரம் பெரும்பாலும் 2.1 முதல் 2.4 மீட்டர். வெயில் நேராக விழும் ஜன்னலையோ, ஏ.சி காற்று வரும் வாயையோ, ஹீட்டரையோ அது பார்க்கக் கூடாது. பழைய சென்சார் அடிக்கடி பொய் அலாரம் அடித்திருந்தால், புதியதை அதே இடத்தில் மாட்டுவதற்கு முன் அங்கே நின்று அது எதையெல்லாம் பார்க்கிறது என்று நீங்களே பாருங்கள்.

பேனலின் மின்சாரத்தை இப்போது நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். அடித்தட்டைச் சுவரில் வைத்து, வயரைத் துளை வழியாக உள்ளே எடுத்து, அந்தத் துளையைச் சிலிகான் வைத்து அடையுங்கள். சுவருக்குள்ளிருந்து வரும் காற்றும், அதோடு சேர்ந்து வரும் எறும்பும் சிலந்தியும், பி.ஐ.ஆரின் பரம்பரை எதிரிகள். லென்ஸுக்கு உள்ளே ஒரு சிலந்தி நடந்தால் சென்சாருக்கு அது யானை.

டெர்மினல்கள் ஏறக்குறைய எல்லா மாடலிலும் இப்படித்தான்: பிளஸ், மைனஸ், அலாரத்துக்கு ஒரு ஜோடி, டேம்பருக்கு ஒரு ஜோடி. பிளஸ் மைனஸை முதலில் இணைத்து இரண்டு முறை சரிபாருங்கள். ரெசிஸ்டர் ஒன்று என்றால் அலாரம் ஜோடியோடு தொடராக. இரட்டை முறை என்றால் ஒன்று அலாரம் ஜோடியின் குறுக்கே, மற்றது தொடராக, டேம்பர் ஜோடியும் அதே சுற்றில் தொடராக. ரெசிஸ்டர் கால்கள் ஒன்றையொன்றோ சர்க்யூட் போர்டையோ தொடாதபடி நீளத்தைக் குறைத்து மடியுங்கள். சில புது மாடல்களில் ரெசிஸ்டர்கள் போர்டிலேயே இருக்கும், ஜம்பரால், அதாவது போர்டின் ஊசிகளில் செருகும் சின்ன இணைப்பால், மதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படியானால் வெளியிலிருந்து இன்னொன்று போடக் கூடாது.

போர்டை மாட்டும்போது நடுவில் இருக்கும் சின்ன உலோகத் தொப்பியின் ஜன்னலை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப்பசை கதிரை மறைக்கும். பல்ஸ் கவுண்ட் ஜம்பரை (எத்தனை முறை அசைவு தெரிந்தால் அலாரம் என்பதை முடிவுசெய்வது) வீட்டுச் சூழலில் 2-இல் வைத்துத் தொடங்கலாம். எல்.இ.டி விளக்கு ஜம்பர் இப்போதைக்கு இயங்கட்டும், சோதனை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். எங்கே நின்றால் சென்சாருக்குத் தெரியாது என்று வீட்டுக்கு வருபவர் யாரும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கண்ணாடி உடைப்பு உணரி, அதிர்வு உணரி

வயரிங் பி.ஐ.ஆர் போலவேதான். பழைய அதிர்வு உணரிகளில் சிலவற்றுக்கு மின்சாரமே வேண்டாம், இரண்டு வயர் போதும். கண்ணாடி ஒலி உணரிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கனத்த திரை இருக்கக் கூடாது. அதிர்வு உணரியின் உணர்திறனைக் குறைவிலிருந்து தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். அலாரத்தோடு புகை உணரி இணைந்திருந்தால் அதை இந்த வேலையோடு சேர்க்காதீர்கள். அது உயிர் காக்கும் சாதனம். இரண்டு வயர் புகை உணரி பேனலுக்குப் பேனல் பொருந்துமா என்பதே தனிக் கேள்வி. உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

மின்சாரம் கொடுத்துச் சோதித்தல்

மாற்றியதை ஒவ்வொன்றாகவே சோதியுங்கள். ஐந்து சென்சாரையும் மாற்றிவிட்டு மொத்தமாக மின்சாரம் கொடுத்தால், எது தவறு என்று மறுபடி தேட வேண்டும். பேனலில் ஸோன் வயர்களை மாட்டும் முன் இன்னொரு முறை ஓம் பாருங்கள். மெயின்ஸ் வந்த பிறகு பேட்டரியை இணையுங்கள். சில பேனல்கள் பேட்டரியால் மட்டும் உயிர்பெறாது. பெட்டி திறந்திருக்கும் இந்த நேரத்தில் பேட்டரியின் தேதியையும் பாருங்கள். 3 முதல் 5 ஆண்டுதான் அதன் ஆயுள்.

மின்சாரம் வந்ததும் பி.ஐ.ஆர் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். சூடேற அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை எடுக்கும். பிறகு பேனலை வாக் டெஸ்ட் நிலையில் போட்டு, அறையை விட்டு வெளியே போய், சாதாரண நடையில் உள்ளே வாருங்கள். அறையின் நான்கு ஓரங்களிலும் நடந்து பாருங்கள். கதவுச் சென்சார் என்றால் கதவை எவ்வளவு திறந்தால் கீபேடில் தெரிகிறது என்று கவனியுங்கள். கை நுழையும் அளவு திறந்தும் தெரியவில்லையென்றால் காந்தம் தேவைக்கு மேல் நெருக்கமாக இருக்கிறது. சென்சார் மூடியைத் திறந்து டேம்பர் வருகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, எஞ்சினியர் மோடிலிருந்து வெளியே வந்து அலாரத்தை ஆர்ம் செய்து (காவலுக்கு வைத்து) ஒருமுறை உண்மையாகவே அடிக்கவிடுங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு. கண்காணிப்பு நிறுவனத்துக்குச் சிக்னல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு, டெஸ்ட் மோடை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கச் சொல்ல மறந்தால் அடுத்த திருட்டையும் அவர்கள் சோதனை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்த ஸோனில் என்ன சென்சார், ரெசிஸ்டர் எங்கே, என்ன மதிப்பு, கதவு மூடியிருக்கும்போது வந்த ஓம் எண், மாற்றிய தேதி.

அதன் பிறகும் அதே ஸோன் தொல்லை கொடுத்தால்

பேனலில் அந்த ஸோனின் வயர்களையும், ஒழுங்காக இருக்கும், அதே வகையில் அமைத்த வேறொரு ஸோனின் வயர்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். மாற்றியதைத் தாளில் குறித்துவிட்டு, சில நாட்கள் கழித்து நிகழ்வுப் பதிவைப் பாருங்கள். கோளாறு புது எண்ணுக்கு நகர்ந்திருந்தால் வயரிலோ சென்சாரிலோ இருக்கிறது. பழைய எண்ணிலேயே நின்றால் பேனலின் அந்த ஸோன் சர்க்யூட் போயிருக்கிறது. நகர்ந்த கோளாறு என்றால் வயரின் ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையில் ஓம் பாருங்கள். முடிவிலி வராமல் ஏதாவது எண் வந்தால், ஈரம் உள்ளே போன இடமோ ஆணி துளைத்த இடமோ இருக்கிறது. அந்த வயரில் பயன்படுத்தாத உபரிக் கம்பிகள் இருந்தால் அவற்றுக்கு மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் புது வயர் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்தால் வரலாம், ஆனால் நடுவில் எங்காவது கிளிப் அடித்திருந்தால் வராது. வலுக்கட்டாயமாக இழுத்து அறுத்துவிட்டால் இருந்த வழியும் போய்விடும்.